வேலையை விட்டுவிட்டு நர்சிங் படிக்க நினைக்கிறவர்களுக்கு: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீசில் ஏழு வருஷம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் எடுத்துச் சரக்கு போய்ச் சேரும்வரை பார்த்துக்கொள்கிற ஆளாக, இருந்தேன். 29 வயதில் அதை விட்டுவிட்டு பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அப்போதுதான் 18 நடந்துகொண்டிருந்தது. இப்போது கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸ். காங்கேயம், ஊத்துக்குளி, கோபி, பல்லடம் என்று எங்கே விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து இந்தக் கேள்விகள் வந்துவிடும். ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

ஏனுங்க, ஏற்கனவே ஒரு டிகிரி இருக்கறவங்களுக்கு ஒன்றரை வருஷத்துல நர்சிங் டிகிரி தர்றாங்களாமே, உண்மைங்களா?

அமெரிக்காவில் உண்மை. இங்கே கிடையாது.

அங்கே வேறு பாடத்தில் இளங்கலை முடித்தவர்களுக்கென்றே துரித பி.எஸ்.என். (அந்த ஊர் நர்சிங் டிகிரி) படிப்பு இருக்கிறது. பெரும்பாலும் 12 முதல் 18 மாதம். பழைய டிகிரியில் படித்த பொதுப் பாடங்களைக் கழித்துவிட்டு, மீதியை லீவே இல்லாமல் அடைத்து நடத்துவார்கள். அதிலும், சேர்வதற்கு முன்பே உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் போன்றவற்றைத் தனியாகப் படித்துத் தேறியிருக்கச் சொல்வார்கள். அந்தக் காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒன்றரை வருஷம் என்பது இரண்டு, இரண்டரை ஆகிவிடும். விளம்பரத்தில் அதைச் சொல்வதில்லை.

நம் ஊரில் என்ன நர்சிங் படிப்பு இருக்கலாம், அது எத்தனை வருஷம் என்பதை முடிவு செய்து வந்தது இந்திய நர்சிங் கவுன்சில். எல்லோரும் ஐ.என்.சி. என்பார்கள். 1947-ஆம் வருஷச் சட்டப்படி வந்த அமைப்பு. அதன் இடத்துக்கு ஒரு தேசிய ஆணையம் வர 2023-ல் புதுச் சட்டமும் வந்துவிட்டது. அந்தப் பட்டியலில் வேறு டிகிரிக்காரர்களுக்கான குறுக்குவழி எதுவும் இல்லை. பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம், எட்டு செமஸ்டர். எம்.காம். முடித்தவருக்கும் அதுதான், பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கும் அதுதான்.

"எங்க ஒறம்பரைப் பொண்ணு ரெண்டே வருஷத்துல பி.எஸ்சி. முடிச்சுதே" என்பார்கள். அது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. ஏற்கனவே டிப்ளமோ நர்சிங் முடித்துப் பதிவு செய்த நர்சுகளுக்கானது.

குறுக்குவழி இல்லை என்கிற இந்தப் பாடத்தை நானே பணம் கட்டித்தான் கற்றேன். வேலையை விடுவதற்கு முந்தின வருஷம் ஒரு அட்மிஷன் கன்சல்டன்சியில், "வெளிமாநிலத்துல காலேஜுங்க, 18 மாசம், அட்டெண்டன்ஸ் நாங்க பார்த்துக்கறோம், பரீட்சைக்கு மட்டும் போனா போதும்" என்றார்கள். 25,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். ரசீது கேட்டபோது ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சரக்கு சப்ளையர் அப்படிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே தாட்டி விட்டிருப்பேன். என் விஷயத்தில் மட்டும் புத்தி வேலை செய்யவில்லை. நாலு மாதம் அலைந்து 10,000 திரும்பி வந்தது.

அப்படின்னா சட்டப்படி இருக்கிற வழியில் எது சீக்கிரம்?

அது பிளஸ் டூவில் நீங்கள் எந்த குரூப் என்பதைப் பொறுத்தது. உங்கள் டிகிரியைப் பொறுத்தது இல்லை. இதைக் கேட்டதும் எல்லோருக்கும் முகம் சுருங்கும்.

இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் எல்லாம் எடுத்திருந்தால் (பியூர் சயின்ஸ், பயோ-மேக்ஸ்) பி.எஸ்சி. நர்சிங் சேரலாம். அறிவியல் பாடங்களில் 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. நான் இந்தக் கணக்கில் வந்தேன். பிளஸ் டூவில் பயோ-மேக்ஸ், அப்புறம் காஸ்ட்யூம் டிசைன் டிகிரி. அந்த டிகிரியை நர்சிங் அட்மிஷனில் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் குரூப், காமர்ஸ் குரூப் ஆட்களுக்கு அந்தக் கதவு சாத்தியிருக்கிறது. நம் பக்கத்தில் இவர்கள்தான் அதிகம். இன்ஜினியரிங் என்று முடிவு செய்து நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிக்குள் விடப்பட்ட ஒரு தலைமுறையே உயிரியல் புத்தகத்தைத் தொடாதது. இவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஜி.என்.எம். என்கிற மூன்று வருஷ டிப்ளமோ. ஐ.என்.சி. விதிப்படி எந்த குரூப்பாக இருந்தாலும் 40 சதவீதமும் ஆங்கிலமும் இருந்தால் போதும். ஆனால் அரசு சீட்டுக்கான விளக்கக் குறிப்பேட்டில் தனி நிபந்தனைகள் இருக்கும், அந்தந்த வருஷத்துக்கானதை எடுத்துப் படியுங்கள். ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தால் அன்றிலிருந்தே நீங்கள் நர்ஸ், வேலைக்குப் போகலாம். டிகிரி வேண்டுமானால் பிறகு இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக். இன்னொரு வழி, தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்களை எழுதித் தேறிவிட்டு பி.எஸ்சி.க்கு வருவது. அதை ஐ.என்.சி. ஏற்கிறது.

வீட்டு நிலவரம் இறுக்கமாக இருக்கிறவர்களுக்கு நான் ஜி.என்.எம்.தான் சொல்வேன். டிகிரி என்கிற சொல்லுக்காக ஒரு வருஷச் சம்பளத்தை விடவேண்டியதில்லை. வார்டில் ஜி.என்.எம். சிஸ்டரும் பி.எஸ்சி. சிஸ்டரும் ஒரே கேஸ் ஷீட்டில்தான் எழுதுகிறார்கள்.

ஏ.என்.எம். என்று ஒரு இரண்டு வருஷப் படிப்பும் உண்டு. அது கிராம சுகாதார வேலைக்கானது. ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ் ஆவதற்கு அது போதாது.

எனக்கு 33 ஆச்சுங்க. வயசு இருக்குதுங்களா?

ஐ.என்.சி. வரம்பு 35. இந்த வருஷமே முடிவு பண்ணுங்கள்.

பி.காம்.ல இங்கிலீஷ் படிச்சிருக்கேன், எம்.எஸ்.டபிள்யூ.வில் சைக்காலஜி, சோசியாலஜி படிச்சிருக்கேன். அந்தப் பேப்பரெல்லாம் கழிச்சுக்குவாங்களா?

மாட்டார்கள். முதல் செமஸ்டரில் கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ், உளவியல், சமூகவியல் எல்லாம் மறுபடியும் உண்டு. அந்த மணி நேரங்களில் வயதில் மூத்தவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அந்த நேரத்தை அனாட்டமிக்குக் கொடுங்கள். எனக்கு முதல் செமஸ்டரில் கழுத்தைப் பிடித்தது அதுதான். ஏழு வருஷமாகக் கையால் இரண்டு பக்கம்கூட எழுதாதவள், மூன்று மணி நேரம் எழுதினால் விரல் மரத்துப்போகும். பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பிருந்து தினமும் நாலு பக்கம் எழுதிப் பழகினேன்.

வேலையை விடாம, தபால்லயோ சாயங்கால காலேஜ்லயோ படிக்க முடியாதா?

முடியாது. வாரம் 40 மணி நேரம். பரீட்சை எழுத தியரியிலும் பிராக்டிக்கலிலும் 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் கைக்கு வரும் முன் கிளினிக்கல் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி, ஒவ்வொன்றிலும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். விட்டுப்போன நாளைத் திரும்பப் போய்ச் செய்துதான் ஆக வேண்டும். என்னுடன் படித்த ஒருத்திக்கு நடுவில் அம்மை போட்டது. குணமான பிறகு லீவில் தனியாக 19 நாள் பிரசவ வார்டில் நின்று கணக்கைச் சரிசெய்தாள். யாராவது "அட்டெண்டன்ஸ் பிரச்சினை இல்லை" என்று சொன்னால் அந்தப் படியை விட்டு உடனே இறங்கி வந்துவிடுங்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, மாடியில, ஒரு வருஷ நர்சிங் டிப்ளமோன்னு போர்டு இருக்குதே?

நம் பக்கத்தில் எந்த டவுனிலும் அந்த மாடி இருக்கும். "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்றும் எழுதியிருக்கும். வேலை கிடைக்கும்தான். நர்சிங் ஹோமில் உதவியாளாகவோ, வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற ஆளாகவோ கிடைக்கும். கௌரவமான வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் அதை முடித்தவர் நர்ஸ் ஆகமுடியாது. தமிழ்நாட்டில் நர்ஸ் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். 1926-ல் போட்ட சட்டத்தின் கீழ் நடக்கிற குழுமம் அது. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "இதை முடிச்சா குழுமத்துல பதிவு பண்ணித் தருவீங்களா?" பதில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் இல்லை என்று அர்த்தம்.

எந்தக் காலேஜ் நல்ல காலேஜுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரியைப் பாருங்கள். நாலு வருஷத்தில் பாதிக்கு மேல் நீங்கள் நிற்கப்போவது வார்டில்தான். காலேஜுக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி இருக்கிறதா, அதில் எத்தனை படுக்கை, அந்தப் படுக்கையில் உண்மையிலேயே நோயாளி இருக்கிறாரா என்பதைப் பார்க்க வேண்டும்.

நான் செய்தது இது. மூன்று காலேஜைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் ஆஸ்பத்திரிக்கும் காலை ஏழரை மணிக்குப் போய், நோயாளியைப் பார்க்க வந்தவளைப் போல ஒரு மணி நேரம் சுற்றினேன். ஒரு இடத்தில் மூன்றாவது மாடி வார்டு முழுக்க வெள்ளை விரித்த காலிக் கட்டில். இன்ஸ்பெக்ஷனுக்குப் போட்டது அப்படியே கிடந்தது. மாணவிகள் எட்டுப் பேர் ஒரே பாட்டியம்மாவைச் சுற்றி நின்று பி.பி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா, "காலையில இருந்து கையைக் கட்டிக் கட்டி அவுக்கறாங்க சாமி" என்று என்னிடமே முறையிட்டது. ஐ.என்.சி. கணக்குப்படி ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி இருக்க வேண்டும். அங்கே ஒரு நோயாளிக்கு எட்டு மாணவி.

இன்னொரு இடத்தில் கட்டடம் பழசு, சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஆனால் டூட்டி மாற்றுகிற நேரத்தில் ஒரு சிஸ்டர் மாணவியைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிப் போய், "இவருக்கு நேத்து யூரின் எவ்வளவு? பாட்டிலைப் பார்த்துச் சொல்லாதே, சார்ட்டைப் பார்த்துச் சொல்லு, அப்புறம் பாட்டிலைப் பாரு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அங்கேதான் சேர்ந்தேன்.

இது தவிர விசாரிக்க வேண்டியவை. ஐ.என்.சி., மாநிலக் குழுமம் இரண்டின் அனுமதியும் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா. தமிழ்நாட்டில் பெரும்பாலான காலேஜ்கள் சென்னை கிண்டியில் இருக்கிற டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இணைந்தவை, சில நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். எதில் வருகிறது என்று கேளுங்கள். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. ஆசிரியர் பெயர்ப் பலகையில் இருக்கிறவர்கள் வகுப்பிலும் இருக்கிறார்களா என்பதை இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் கேன்டீனில் கேளுங்கள். மனநலம், பிரசவம், குழந்தைகள் போஸ்டிங்குக்கு எங்கே அனுப்புகிறார்கள், பஸ் யார் செலவு?

பாண்ட் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். படித்து முடித்ததும் இரண்டு வருஷம் அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே, அவர்கள் சொல்கிற சம்பளத்துக்கு, இல்லாவிட்டால் சான்றிதழ் வராது என்று சில இடங்களில் பேச்சு இருக்கும். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2018-லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

கல்யாணமானவர்களுக்கு இன்னொன்று: ஹாஸ்டல் கட்டாயமா? பல காலேஜில் கட்டாயம், இரவு எட்டரைக்கு கேட் பூட்டு. எனக்கு வெளியிலிருந்து வர அனுமதி கொடுத்தார்கள், ஆனால் பிரின்சிபால் முன்னால் வீட்டுக்காரரும் மாமனாரும் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 29 வயதில் எனக்கு "பேரன்ட்ஸ் மீட்டிங்". மாமனார் வேட்டி கட்டி, சந்தனம் வைத்துக்கொண்டு வந்தார்.

நம்ம பக்கத்துல எங்கெல்லாம் இருக்குது?

கோவையில் பி.எஸ்.ஜி., கே.எம்.சி.ஹெச்., ராமகிருஷ்ணா மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்த காலேஜ்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு நர்சிங் கல்லூரி. ஈரோடு, நாமக்கல், திருச்செங்கோடு, கரூர், சேலம் பக்கம் தனியார் காலேஜ்கள் ஏராளம். எது நல்லது என்று நான் வரிசை போடமாட்டேன், மேலே சொன்ன ஏழரை மணி வேலையை நீங்களே செய்யுங்கள்.

வேலைக்கு என்று பார்த்தால் பத்து வருஷத்துக்கு முன்பிருந்த நிலைமை இப்போது இல்லை. கரூரைத் தொடர்ந்து திருப்பூர், நாமக்கல், நீலகிரி எல்லாவற்றுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கடைசி மூன்றும் 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்தவை. பெருந்துறையில் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய கல்லூரியும் இப்போது அரசிடம்.

நாலு வருஷம் சம்பளமில்லாம எப்படிங்க சமாளிக்கறது?

உண்மையான கேள்வி இதுதான். வயசு, குரூப் எல்லாம் இதற்குப் பின்னால்.

ஃபீஸ் ஒரு பங்கு என்றால், வராமல் போகிற சம்பளம் மூன்று பங்கு. இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். நான் ஆபீஸ் பழக்கத்தில், ஆர்டருக்குக் காஸ்டிங் ஷீட் போடுவது போல எனக்கே ஒன்று போட்டேன். ஃபீஸ், யூனிஃபார்ம், புத்தகம், பஸ் பாஸ், பிள்ளை ஸ்கூல் ஃபீஸ், மாமியார் மாத்திரை, நோம்பிக்குத் துணிமணி, நாலு வருஷத்தில் வரக்கூடிய சீர் செலவு. கடைசி வரிதான் எல்லோரும் மறப்பது. என் நாலு வருஷத்தில் நங்கையா வீட்டில் ஒரு காதுகுத்து, அண்ணன் வீட்டில் ஒரு புண்ணியார்ச்சனை. இரண்டும் சேர்த்து ஒரு செமஸ்டர் ஃபீஸ்.

வங்கிக் கல்விக்கடன் கிடைக்கும். பொதுவான திட்டத்தில் நாலு லட்சம் வரை நம் பங்குப் பணம் வேண்டாம், ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கேட்கமாட்டார்கள், ஆனால் வட்டி அதற்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள். கவுன்சிலிங் சீட்டுக்குச் சுலபமாகத் தருவார்கள், மேனேஜ்மென்ட் சீட்டு என்றால் இழுப்பார்கள். வீட்டுக்காரர் பழைய வரி முறையில் இருந்து, கடன் அவர் பேரில் இருந்தால், அவர் கட்டுகிற வட்டிக்கு வருமான வரியில் எட்டு வருஷம் வரை கழிவு உண்டு.

தோட்டத்தை அடமானம் வைத்துப் படிக்க வேண்டாம் என்பது என் கருத்து. நகையை வைக்கலாம். நகை நாலு வருஷம் லாக்கரில் இருப்பதும் பேங்கில் இருப்பதும் ஒன்றுதான்.

முடிச்சதும் எவ்வளவு சம்பளம் வரும்?

பழைய வேலையில் கடைசியாக வாங்கியதைவிடக் குறைவாகத்தான் தொடங்கும். எனக்கு மாதம் 9,000 ரூபாய் குறைந்தது.

தனியார் நர்சுகள் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு 2016-ல் பரிந்துரை கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்சுக்குச் சமமாக, 100-க்கு மேல் என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையாமல், 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையாமல், 50-க்குக் கீழே குறைந்தது 20,000 ரூபாய். படிக்க நன்றாக இருக்கிறது. சம்பளக் கவரைத் திறக்கும்போது அந்தப் பரிந்துரை ஞாபகத்துக்கு வந்தால் சிரிப்பும் வரும். அனுபவம் ஏற ஏற, அதிலும் ஐ.சி.யூ., டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று ஒன்றில் கை பழகிவிட்டால், பேரம் பேசலாம். மெர்ச்சண்டைசருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசு வேலை?

மாநிலத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி., வழியாக எடுக்கிறார்கள். ஆரம்பத்தில் தொகுப்பூதியம், நிரந்தரமாவதற்கு வருஷக்கணக்கில் காத்திருப்பு. போராட்டச் செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். மத்திய அரசின் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நர்சுகளை எடுக்க நடத்துகிற நார்செட் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 30 வயதுதான் வரம்பு, தளர்வுகள் தனி. 30-ல் படிப்பில் சேருகிறவர் அந்தக் கனவை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

"டிகிரி முடிச்சுப்போட்டுப் பீ மூத்திரம் அள்ளப் போறியா"ன்னு வீட்டுல கேக்கறாங்க. என்ன சொல்றது?

என் மாமியாரும் இதையேதான் கேட்டார், இன்னும் சூடாக. நான் பதில் சொல்லவில்லை, பதில் இல்லை. ஆமாம், அள்ளத்தான் வேண்டும். இரண்டாவது மாதமே ஒரு தாத்தாவுக்குப் படுக்கையிலேயே குளிப்பாட்டிவிடச் சொன்னார்கள். வெந்நீர் இரண்டு பேசின், துணி நாலு. முகத்தில் தொடங்கி, கை, மார்பு, கால், கடைசியில்தான் பின்பக்கம். ஒரு பகுதியைத் துடைக்கும்போது மற்றதைப் போர்வையால் மூடி வைக்க வேண்டும், அவர் குளிரக்கூடாது, வெட்கப்படவும் கூடாது. புரட்டும்போது முதுகெலும்புக்குக் கீழே தோல் சிவந்திருந்ததைக் கண்டு டியூட்டரைக் கூப்பிட்டேன். "இதுக்குத்தான் குளிப்பாட்டறது. அழுக்குப் போறதுக்கு மட்டும்னு நெனச்சியா?" என்றார். படுக்கைப் புண்ணின் முதல் படி அது. அன்றைக்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்க ஆரம்பித்தோம், புண் வரவில்லை.

மாமியார் விஷயம் மூன்றாம் வருஷத்தில் தானாகத் தீர்ந்தது. அவருக்குச் சர்க்கரையில் கால் விரல் புண்ணானது. தினமும் கட்டு மாற்றிவிட்டது நான். இப்போது ஊரில் யாருக்கு இருமல் என்றாலும் "எங்க மருமகளைக் கேளுங்க" என்று என் போன் நம்பரைக் கொடுத்துவிடுகிறார். அது வேறு தொல்லை.

பழைய வேலையில் கத்துக்கிட்டது ஏதாவது உதவுமா?

எதிர்பார்த்ததைவிட. கணக்குப் பழகினவர்களுக்கு மருந்துக் கணக்கு பயமில்லை. 500 மில்லி டிரிப்ஸ் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு 21 சொட்டு. சின்னப் பிள்ளைகள் இதில் தடுமாறும்போது, ஸ்பின்னிங் மில் ஆபீசில் அக்கவுண்ட்ஸ் பார்த்துவிட்டு வந்த ஓர் அக்கா மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். நான் ஏழு வருஷம் லேபிள் பார்த்தவள். சைஸ் லேபிள் ஒன்று மாறினால் கன்டெய்னரே திரும்பி வரும் என்கிற பயம் ரத்தத்தில் ஊறியிருந்தது. ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு மருந்துக் குப்பியை இப்போது எடுக்கும்போதும் அதே பயத்தோடு மூன்று தடவை படிக்கிறேன்.

உதவாதது ஒன்று உண்டு: "நான் எத்தனை பேரை மேய்ச்சவ தெரியுமா" என்கிற நினைப்பு. உங்களைவிட எட்டு வயது சின்ன டியூட்டர் முன்னால் எழுந்து நிற்க வேண்டும், சீனியர் பிள்ளையை அக்கா என்று கூப்பிட வேண்டும்.

ஆம்பளைங்க படிக்கலாமா?

தாராளமாக. பெண்களுக்கு மட்டும் என்று சில காலேஜ் உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எய்ம்ஸ் நர்ஸ் பணியிடங்களில் நூற்றுக்கு 80 பெண்களுக்கு, 20 ஆண்களுக்கு. ஐ.சி.யூ., விபத்துப் பிரிவு, மனநலப் பிரிவு எல்லாம் ஆண் நர்சுகளைத் தேடுகின்றன.

கைக்குழந்தை இருக்குது. நைட் டூட்டி வருமா?

வரும். குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று ஒருவர் பெயரைச் சொல்ல முடியவேண்டும். "எல்லாரும் இருக்காங்க, பார்த்துக்குவாங்க" என்பது பெயர் இல்லை. என் அம்மாதான் ஊரிலிருந்து வந்து நாலு வருஷம் இருந்தார். தோட்டத்தில் இரண்டு எருமையை விற்றுவிட்டு வந்தார். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார், நியாயம்தான்.

அப்ப அந்த அமெரிக்க ஒன்றரை வருஷப் படிப்புக்கே நேரா போயிட்டா?

பணம் இருந்தால் யோசிக்கலாம். டாலரில் ஃபீஸ், முன்பாடங்கள், ஸ்டூடன்ட் விசா, முடித்ததும் நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு, பிறகு வேலை விசாவுக்குக் காத்திருப்பு. இந்தியர்களுக்கு அந்த வரிசை நீளம். வீட்டை விற்று இந்த வரிசையில் நிற்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

அதைவிட, வேலை மாறுகிறவர்களுக்குப் பொருத்தமாக எனக்குப் படுவது ஜெர்மனியின் மூன்று வருஷ நர்சிங் பயிற்சி. அவுஸ்பில்டுங் என்பார்கள். 2020 முதல் பொது நர்சிங், குழந்தைகள், முதியோர் மூன்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள். படிக்கும்போதே மாதாமாதம் உதவித்தொகை வரும். ஆனால் ஜெர்மன் மொழி பி1, பி2 என்கிற நடுத்தர நிலை அளவுக்கு இருந்தாக வேண்டும். அதற்கே ஒரு வருஷம் தனி உழைப்பு. இங்கே நர்சிங் முடித்துவிட்டுப் பிரிட்டன் போகிறவர்கள் ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதி, கம்ப்யூட்டர் தேர்வும் செயல்முறைத் தேர்வும் தேற வேண்டும். எந்த நாடானாலும், ஏஜென்டிடம் போகும் முன் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்துவிடுங்கள். 1978 முதல் இருக்கிற அரசு நிறுவனம் அது.

வேலையை விடறதுக்கு முன்னாடி, இது நமக்கு ஒத்துவருமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

யாராவது சொந்தக்காரர் அரசு ஆஸ்பத்திரியில் படுத்தால், கூட இருக்கிற ஆளாக மூன்று ராத்திரி இருங்கள். வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், துணைக்கு இருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் ஒரு வாடை இருக்கும்: டெட்டால், மூத்திரம், யாரோ மிச்சம் வைத்த இட்லி, ஈரத் துணி. அந்த நேரத்தில் நாற்பது கட்டிலுக்கு நடுவில் ஒரே ஒரு சிஸ்டர் நடந்துகொண்டிருப்பார். அவரைப் பார்த்துப் பரிதாபம் வந்தால் இந்த வேலை வேண்டாம். "அந்த மூணாவது கட்டிலுக்கு டிரிப்ஸ் முடிஞ்சுபோச்சே, யாரும் பார்க்கலையே" என்று உங்கள் கால் தானாக எழுந்தால் விண்ணப்பம் வாங்குங்கள்.

நர்சிங்தான்னு இல்லீங்க, ஆஸ்பத்திரியில் ஒரு வேலை வேணும், அவ்வளவுதான்.

அப்படியானால் நாலு வருஷம் எதற்கு? எந்த டிகிரிக்கும் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இரண்டு வருஷ முதுகலை இருக்கிறது. மருத்துவ சமூகப்பணி, இன்ஷூரன்ஸ் டெஸ்க், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், உயிரியல் படித்திருந்தால் மெடிக்கல் கோடிங் (சிகிச்சை விவரங்களைக் குறியீடாக மாற்றுகிற வேலை) என்று எத்தனையோ இருக்கின்றன.

விண்ணப்பிக்க என்னென்ன எடுத்து வைக்கணும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு, மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு ஆன்லைனில் விண்ணப்பம் திறக்கும். பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. 1200 மார்க் காலத்துக்காரர்கள் தயங்க வேண்டாம், சதவீதமாக மாற்றிக்கொள்வார்கள். பள்ளி டி.சி. பழைய காலேஜில் போயிருக்கும், அதனால் காலேஜ் டி.சி.யைத் தேடுங்கள். இடையில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று நோட்டரி கையெழுத்தோடு ஒரு உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் இ-சேவை மையத்தில் புதிதாக எடுத்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. சேர்ந்த பிறகு தொடங்கினால் வார்டுக்குள் போகும்போது பாதுகாப்பு இருக்காது. விநாடி முள் உள்ள வாட்ச் ஒன்று, நாடித்துடிப்பு எண்ண. அரை சைஸ் பெரிய ஷூ, சாயங்காலத்துக்குள் கால் வீங்கிவிடும்.

மதிப்பெண் பட்டியலை லேமினேட் செய்திருந்தால் மெதுவாகப் பிரித்தெடுக்கப் பாருங்கள், பின்பக்கம் சீல் வைக்க வேண்டிவரும். என்னுடையது பிரிக்கும்போது ஓரத்தில் கிழிந்து, டூப்ளிகேட்டுக்கு அலைந்ததில் முதல் கவுன்சிலிங்கே போய்விட்டது.